முத்தியால்பேட்டை – பாரிஸ்: டிக்கெட்டில் ஒன்பதரை மணி, வாட்ச்சில் இருபத்திரண்டு

“காலையில நாலு மணிக்குச் சென்னையில ஏறுறீங்க, மதியம் ஒண்ணரைக்குப் பாரிஸ்ல இறங்குறீங்க. ஒன்பதரை மணி நேரம்தாண்ணே, தூங்கி எழுந்தா போச்சு.” டிராவல்ஸ் பையன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். 4.00 என்று ஒரு பக்கம், 13.35 என்று இன்னொரு பக்கம். கழித்துப் பார்த்தால் ஒன்பது மணி முப்பத்தைந்து நிமிடம். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, ஆளுக்கு 71,500 ரூபாய் வீதம் இரண்டு பேருக்குப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் 34 வருடம் தையல் கடை வைத்திருந்தவன் நான். இப்போது மெஷினை மைத்துனர் பையனிடம் கொடுத்துவிட்டு, கட்டிங் மட்டும் எப்போதாவது போய்ச் செய்கிறேன். பெண்ணைப் பாரிஸ் பக்கத்தில் சார்செல் என்ற ஊரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளையின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர், 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு வீடு இப்படி உண்டு. பேரன் பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது, அவனுக்கு முதல் தீபாவளி. 2025 அக்டோபரில் நானும் வீட்டுக்காரம்மாவும் கிளம்பினோம், டிசம்பரில் திரும்பினோம். புதுச்சேரியிலிருந்து போக நினைக்கிற அப்பா அம்மாக்கள் நிறையப் பேர் இருப்பதால் இதை எழுதுகிறேன். விமானக் கம்பெனி பேரும் டிராவல்ஸ் பேரும் எழுதவில்லை. ஒரே ஒரு தடவை போய் வந்தவன் பேரைப் போட்டுக் குறை சொல்வது சரியில்லை.

ஒன்பதரை மணி நேரக் கதையை உடைத்தது வீட்டுக்காரம்மாதான். அவளுக்குச் சர்க்கரை. காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை, ராத்திரி ஒன்று. “நாலு மணிக்கு ஏறினா, நம்ம வீட்டுக் கடிகாரத்துக்கு எத்தனை மணிக்கு இறங்குவோம்? மாத்திரைக்குத்தான் கேக்குறேன்” என்றாள். நான் ஒன்பதரையைக் கூட்டி “ஒண்ணரைக்கு” என்றேன். “அப்ப அங்க மணி ஒண்ணரைன்னா இங்க எவ்வளவு?” என்றாள் மறுபடியும். அப்போதுதான் உறைத்தது. புறப்படும் நேரம் சென்னை மணி, சேரும் நேரம் பாரிஸ் மணி. சட்டைக்குத் தோளை இஞ்சில் எடுத்து, கையைச் சென்டிமீட்டரில் எடுத்து, இரண்டையும் கூட்டினால் என்ன ஆகும்? அதைத்தான் டிராவல்ஸ் பையனும் செய்தான், நானும் செய்தேன்.

அக்டோபரில் பாரிஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே மதியம் 1.35 என்றால் இங்கே மாலை 5.05. ஆக, அதிகாலை 4 மணியிலிருந்து மாலை 5.05 வரை, பதின்மூன்று மணி ஐந்து நிமிடம். இதில் துபாய் வரை 4 மணி 10 நிமிடம், துபாயில் இறங்கி மாறுவதற்கு 1 மணி 40 நிமிடம், துபாயிலிருந்து பாரிஸ் 7 மணி 15 நிமிடம். ஆகாயத்தில் இருப்பது மட்டும் பதினொன்றரை மணிக்கு ஐந்து நிமிடம் குறைவு.

இவ்வளவு ஏன் ஆகிறது, துபாய் சுற்றுப்பாதைதானே என்று எனக்கு ஒரு குறுகுறுப்பு. எதிர் வீட்டுப் பையனிடம் ஓர் உருண்டை உலகப்படம் இருக்கிறது, குறுக்களவு 30 சென்டிமீட்டர். அதை வாங்கிவந்து மேசையில் வைத்து, காஜா நூலை எடுத்துச் சென்னையில் ஒரு முனையை விரலால் அழுத்திப் பாரிஸ் வரை இறுக்கி இழுத்தேன். நூல் நான் நினைத்த இடத்தில் போகவில்லை. சுவரில் மாட்டுகிற தட்டைப் படத்தில் பார்த்தால் அரபிக் கடல், எகிப்து, மத்திய தரைக்கடல் என்று போகும்போல இருக்கும். உருண்டையில் நூல் வடமேற்காக ஏறி, மகாராஷ்டிரா, குஜராத் தாண்டி, பாகிஸ்தான், ஈரான் மேலே போய், காஸ்பியன் கடலின் தென்கரையைத் தொட்டுக்கொண்டு, கருங்கடல் பக்கமாகப் பாரிசுக்கு இறங்குகிறது. சரியாகப் பாதி வழி எங்கே என்று நூலை இரண்டாக மடித்துப் பார்த்தால் ஈரானில், காஸ்பியன் ஓரத்தில் வந்து நிற்கிறது. வட்ட வடிவப் பொருளின் மேல் துணி போர்த்தித் தைத்தவனுக்கு இது புரியும். குடைத் துணி வெட்டும்போது நேர்க்கோடு நேராக இருக்காது.

நூலின் நீளத்தை டேப்பில் வைத்தேன். 19 சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவு. அந்த உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 425 கிலோமீட்டர். ஆக 8,000 கிலோமீட்டர் சொச்சம். சென்னை – பாரிஸ் தூரம் கணக்கில் 8,020 கிலோமீட்டர் அளவுக்கு வருகிறது. அடுத்து நூலைத் துபாயில் ஒரு குண்டூசி குத்தி வளைத்து இழுத்தேன். சென்னை – துபாய் 2,930, துபாய் – பாரிஸ் 5,240, மொத்தம் 8,170 கிலோமீட்டர் வாக்கில். வித்தியாசம் நூற்றைம்பது கிலோமீட்டர். உருண்டையில் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை, துணி ஓரத்தில் பிசிறுக்கே அவ்வளவு போய்விடும். நூற்றைம்பது கிலோமீட்டர் என்றால் நம் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போகிற தூரம்.

அதனால் துபாய் வழியாகப் போனால் தூரம் ரொம்பக் கூடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூடுவது நேரம், அதுவும் இறங்கி ஏறுவதால். ஒரு விமானம் மேலே ஏறி உயரம் பிடிக்கவும், இறங்கும்போது வேகம் குறைத்து வரிசையில் நிற்கவும், தரையில் ஊர்ந்து போகவும் எடுத்துக்கொள்ளும் நேரம் இருக்கிறதே, அதை ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை செய்கிறோம். நேராக ஒரே மூச்சில் போனால் பத்து, பத்தரை மணியில் முடிகிற தூரம் இது. பெங்களூரிலிருந்து ஏர் பிரான்ஸ் நேராகப் பாரிசுக்குப் போகிறது, தூரமும் 7,800 சொச்சம்தான். ஆனால் பெங்களூருக்கு நாம் போய்ச் சேர வேண்டுமே. 2024 டிசம்பர் 20 முதல் எங்கள் ஊர் லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து இண்டிகோ சின்ன விமானம் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போக ஆரம்பித்திருந்தது, அதில் போய் மாறலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும் கேட்க நாதியில்லை. மழைக்காலத்தில் அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை.

இனி பயணம்.

ராத்திரி ஒன்பதரைக்கு டாக்சி வந்தது. 4,200 ரூபாய் பேசியிருந்தோம், சுங்கம் சேர்த்துத்தான் என்று போனில் சொல்லியிருந்தார்கள். திண்டிவனம் வழி. மொரட்டாண்டி, ஆத்தூர், பரனூர் என்று மூன்று சுங்கச்சாவடி. தீபாவளிக்கு நாலு நாள் இருந்ததால் எதிர்ப்பக்கம் சென்னையிலிருந்து வருகிற வண்டிகள் பரனூரில் கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பும் வெள்ளையுமாக நின்றன. நம் பக்கம் காலி. ஆனாலும் மூன்று மணி இருபது நிமிடம் ஆனது, ஏனென்றால் டிரைவர் தம்பிக்குத் தூக்கம். மேல்மருவத்தூர் தாண்டியதும் வண்டி கோட்டை விட்டு இரண்டு தடவை ஓரமாக ஒதுங்கியது. நான் முன்சீட்டில் உட்கார்ந்து, “தம்பி, ஒரு டீ குடிச்சிடலாம்” என்று இறக்கினேன். கேட்டால், காலையிலிருந்து மூன்றாவது சென்னை டிரிப்பாம். அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது. அனுப்பியவர்களைத்தான் சொல்ல வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கும்போது சுங்கத்துக்கென்று மேலே 400 கேட்டான், கொடுத்தேன். 8,000 கிலோமீட்டர் பயணத்தில் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது இந்த 150 கிலோமீட்டரில்தான். பகல் விமானமாக இருந்தால் முதல் நாளே சென்னை வந்து சொந்தக்காரர் வீட்டில் படுத்துவிட்டுப் போங்கள். அதிகாலை விமானம் என்றால் வண்டி பேசும்போதே “டிரைவர் பகல்ல தூங்கினாரா?” என்று கேட்டுவிடுங்கள். கூச்சப்படாதீர்கள்.

பெட்டி விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 30 கிலோ. நெய் கொண்டுபோகக் கூடாது. ஐரோப்பாவுக்குள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் எடுத்துவரத் தடை. பசும் நெய் ஒரு கிலோ காய்ச்சி வைத்திருந்தவள் அதைக் கேட்டதும் என்னை ஏதோ நான் சட்டம் போட்டதுபோலப் பார்த்தாள். கறிவேப்பிலையும் கூடாது. மீனுக்கு அந்தத் தடை இல்லை, 20 கிலோ வரை கணக்கு உண்டு. அதனால் பெட்டியில் நெய்க்கு ஒதுக்கிய இடத்துக்கு நெத்திலிக் கருவாடு போயிற்று, மூன்று உறை போட்டு. வடகமும் மாங்காய் ஊறுகாயும் பிரச்சினை இல்லாமல் போய்ச் சேர்ந்தன.

கவுண்டரில்தான் டிராவல்ஸ் பையனின் இரண்டாவது வேலை தெரிந்தது. வீட்டுக்காரம்மாவுக்கு முட்டி வலி. படி ஏறுவாள், அதிக தூரம் நடக்க முடியாது. டிக்கெட் போடும்போதே வீல்சேர் சொல்லிவிடு என்று மூன்று தடவை சொல்லியிருந்தேன். “போட்டாச்சுண்ணே” என்றான். கவுண்டர் பெண் பார்த்துவிட்டு, “இல்லையே சார்” என்றாள். நல்ல பெண், அங்கேயே பதிவு செய்து சென்னையில் ஒரு நாற்காலி வரவழைத்துக் கொடுத்தாள். டிக்கெட்டில் இதற்கு டபிள்யூ.சி.ஹெச்.ஆர். என்று நாலு எழுத்து இருக்க வேண்டும். படி ஏற முடியும், தூரம் நடக்க முடியாது என்று அர்த்தம். படியும் ஏற முடியாதவருக்குக் கடைசி எழுத்து எஸ். இந்த எழுத்துகள் இருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். இதற்குத் தனிக் காசு கிடையாது. ஐரோப்பிய விமான நிலையங்களில் 48 மணி நேரத்துக்கு முன் சொல்லிவிட்டால் இலவசமாகச் செய்து தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

முதல் விமானத்தில் ஏறியதும் நான் ஒரு காரியம் செய்தேன், வீட்டுக்காரம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சட்டைப் பையிலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்து இருக்கையை அளந்தேன். கைப்பிடிக்கும் கைப்பிடிக்கும் நடுவே 17 இஞ்ச். இரண்டாவது, பெரிய இரட்டை மாடி விமானத்தில் 18. ஒரு இஞ்ச்சில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இடுப்பில் ஒரு இஞ்ச் குறைவாகத் தைத்த பேன்ட்டைப் போட்டுக்கொண்டு ஏழு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். நாலு மணி நேரத்துக்கு 17 தாங்கும். ஏழு மணி நேரத்துக்கு அந்தப் 18 ஒரு வரம். எந்த ரக விமானம் என்பது டிக்கெட்டிலேயே போட்டிருக்கும், அடுத்த தடவை நான் அதையும் பார்த்துத்தான் எடுப்பேன்.

துபாயில் காலை 6.40-க்கு, அவர்கள் மணிக்கு, இறங்கினோம். 8.20-க்கு அடுத்த விமானம். 1 மணி 40 நிமிடம் என்பது காகிதத்தில் தாராளமாகத் தெரியும். கதவு மூடுவது அதற்கு இருபது நிமிடம் முன்னால். இறங்கவே பதினைந்து நிமிடம். பட்டியலில் பேர் கடைசி நேரத்தில் ஏறியதால் நாற்காலி வரவில்லை, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அங்கே நின்ற ஊழியர் ஒருவர், மலையாளி, “அம்மாவ இங்க இருத்துங்க, நான் ஏற்பாடு செய்றேன்” என்று போய் இருபது நிமிடத்தில் தள்ளிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு மறுபடியும் பாதுகாப்புச் சோதனை, பெல்ட்டைக் கழற்று, செருப்பைக் கழற்று. பிறகு ஒரு லிஃப்ட், பிறகு ஒரு ரயில். ஆமாம், விமான நிலையத்துக்குள்ளேயே ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு ரயில். நான் நாற்காலியின் பின்னாலேயே கைப்பையோடு ஓடினேன். வாசலுக்குப் போனபோது வரிசையின் கடைசி ஆள்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரம்மா மட்டும் ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு, “ஏன் இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?” என்றாள்.

வயதானவர்கள் போகும் டிக்கெட்டில் மாறுகிற நேரம் மூன்று மணிக்குக் குறையக் கூடாது. இது என் தீர்ப்பு. மொத்த நேரம் கூடுகிறதே என்று பார்க்காதீர்கள். தையலுக்கு உள்ளே துணி விடுவதில்லையா, அந்த மாதிரி. ஒன்றரை மணி நேர மாற்றம் இருபத்தைந்து வயசுக்காரனுக்கு.

இரண்டாவது விமானம்தான் இந்தப் பயணத்தில் ரசித்த பகுதி. இருக்கைக்கு முன்னால் இருக்கும் திரையில் படம் பார்க்கிற எல்லாரையும் விட்டுவிட்டு நான் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு போனேன். பாக்தாத் வந்தது, துருக்கி வந்தது, கருங்கடல் வந்தது. புக்கரெஸ்ட், வியன்னா. உயரம் 11,000 மீட்டருக்கு மேல், வெளியே குளிர் மைனஸ் 54. தரையைப் பொறுத்த வேகம் மணிக்கு 830, 845 என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா கப்பலில் மார்செய் போன கதை எங்கள் வீட்டில் இன்னும் ஓடும். சூயஸ் கால்வாய் வழியாக மூன்று வாரத்துக்கு மேல், வாந்தி எடுத்துக்கொண்டே. அந்தக் கடலை நான் பார்க்கவேயில்லை, எங்கள் பாதை அதற்கு வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது.

சாப்பாடு நன்றாக இருந்தது. புரட்டாசி முடிகிற சமயம், அதனால் வீட்டுக்காரம்மாவுக்குச் சைவம் முன்கூட்டியே சொல்லியிருந்தோம், இதை நான் நானே போனில் பதிவு செய்ததால் ஒழுங்காக வந்தது. அதில் ஒரு லாபம், சிறப்புச் சாப்பாடு கேட்டவர்களுக்கு முதலில் கொண்டுவந்துவிடுகிறார்கள். சர்க்கரைக்காரர்களுக்கென்றே தனிச் சாப்பாடும் கேட்கலாமாம், பக்கத்து இருக்கை அம்மா சொல்லித் தெரிந்தது.

மாத்திரைக்கு அவள் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்தது. போன் தானாக மணியை மாற்றிக்கொள்ளும், என் வாட்ச்சை நான் துபாயில் ஒரு தடவை, விமானத்தில் ஒரு தடவை திருகினேன். அவள் தன் பழைய ஹெச்.எம்.டி.யைத் தொடவேயில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது என்ன ஓடியதோ அதுவேதான் பாரிஸ் வரை ஓடியது. “சாவி குடுத்தா போதும், முள்ளைத் திருப்ப மாட்டேன்.” டாக்டர் கிளம்பும்முன் சொன்னதும் அதுதான், பயணத்தன்று ஊர் மணிக்கே சாப்பிடுங்கள், போய்ச் சேர்ந்து அடுத்த நாள் மாற்றிக்கொள்ளலாம் என்று. இது அவளுடைய மாத்திரைக்கு. இன்சுலின் போடுகிறவர்கள் தங்கள் டாக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாரிசின் ஷார்ல் து கோல் விமான நிலையத்தில் நாற்காலி வாசலிலேயே காத்திருந்தது. துபாயிலிருந்து தகவல் போயிருக்கிறது. ஐரோப்பாவில் 2025 அக்டோபர் 12 முதல் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கைரேகை, முகப்படம் எடுக்கிற புதிய முறையைப் படிப்படியாகக் கொண்டுவர ஆரம்பித்திருந்தார்கள், அதனால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ என்ற பயத்தோடு போனோம். எங்களுக்குப் பழைய முத்திரைதான் குத்தினார்கள். அதிகாரி பாஸ்போர்ட்டில் ஊரைப் பார்த்துவிட்டு “ஆ, பொந்திஷேரி!” என்றார். நான் “வுய்” என்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி அதோடு தீர்ந்தது. இன்ஷூரன்ஸ் காகிதம், திரும்பும் டிக்கெட் இரண்டையும் கையில் வைத்திருந்தோம், கேட்கவில்லை. விசாவுக்கே 30,000 யூரோவுக்குக் குறையாத இன்ஷூரன்ஸ் வேண்டும், அதைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

மாப்பிள்ளை வண்டியில் சார்செல் போய், கதவைத் திறந்து, பேரனைக் கையில் வாங்கியபோது அங்கே மாலை நாலு. வீட்டுக்காரம்மா பேரனின் தலைக்கு மேலே கையைத் திருப்பி ஹெச்.எம்.டி.யைப் பார்த்தாள். ஏழரை. முதல் நாள் ராத்திரி ஒன்பதரைக்குப் பூட்டிய கதவு. இருபத்திரண்டு மணி நேரம்.

அங்கே இருந்த இரண்டு மாதத்தைப் பற்றி எழுதினால் இது வேறு கட்டுரையாகிவிடும். ஒன்று மட்டும். அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தால் சுவர்க் கடிகாரம் ஒரு நேரம் காட்டுகிறது, போன் வேறு நேரம் காட்டுகிறது. அன்றைக்கு அவர்கள் குளிர்கால மணிக்கு மாறுகிறார்கள், ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். அதுவரை நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை, அன்று முதல் நாலரை. ஊரில் மைத்துனரிடம் தினமும் ராத்திரி பேசுகிற நேரம் அன்றைக்குத் தவறிப்போய், அவர் தூக்கத்திலிருந்து எழுந்து “என்னாச்சு, யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்றார்.

திரும்பும் டிக்கெட்டைப் பார்த்தால் தலை சுற்றும். பாரிசில் மாலை 3.30 புறப்பாடு, சென்னையில் மறுநாள் காலை 8.15. போகும்போது ஒன்பதரை, வரும்போது பதினாறே முக்கால்! அதே தூரம். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர், படித்தவர்தான், “பூமி சுத்துற திசையில போறதால லேட்டாகும் அங்கிள்” என்று விளக்கினார். அது தப்பு. பூமி சுற்றும்போது காற்றும் அதோடுதான் சுற்றுகிறது, விமானமும் அந்தக் காற்றுக்குள்தான் இருக்கிறது. நாலரை மணி வித்தியாசத்தைக் கழித்துவிட்டால் உண்மையான நேரம் பன்னிரண்டே கால் மணிதான். போகும்போது ஆனதைவிட ஐம்பது நிமிடம் குறைவு. அதில் பத்து நிமிடம் துபாயில் காத்திருப்பு குறைந்தது, மிச்சம் நாற்பது நிமிடம் ஆகாயத்தில் மிச்சமானது.

காரணம் மேல்காற்று. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓர் ஆறு மாதிரி காற்று ஓடுகிறது, குளிர்காலத்தில் இன்னும் வேகமாக. போகும்போது அதை எதிர்த்துப் போகிறோம், வரும்போது அது முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. போகும்போது 840 காட்டிய அதே திரை, திரும்பும்போது துருக்கி மேலே 1,015 காட்டியது. நான் வீட்டுக்காரம்மாவை எழுப்பிக் காட்டினேன். “டாக்சிக்காரன் இந்த வேகத்துல போகாம இருந்தா சரி” என்று மறுபடியும் தூங்கிவிட்டாள்.

திரும்பும்போது வீல்சேரை நான்கு நாள் முன்னதாக மாப்பிள்ளையை வைத்து நேரே விமானக் கம்பெனியிடம் பதிவு செய்தோம், நாலு எழுத்தும் டிக்கெட்டில் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்தோம். பாரிசில், துபாயில், சென்னையில், மூன்று இடத்திலும் நாற்காலி நின்றது. துபாயில் அதே ஒன்றரை மணி நேரம் இந்தத் தடவை போதுமானதாக இருந்தது, டீ குடிக்கக்கூட நேரம் கிடைத்தது. டாக்சிக்குப் பதில் மைத்துனரே வண்டியோடு வந்துவிட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து, மகாபலிபுரம் தாண்டி இட்லி சாப்பிட்டு, மரக்காணம் உப்பளத்தில் மழைத் தண்ணீர் நிற்பதைப் பார்த்துக்கொண்டே மதியம் ஒன்றேகாலுக்கு வீட்டுப் பூட்டைத் திறந்தோம். சார்செல் கதவு மூடியதிலிருந்து ஹெச்.எம்.டி. கணக்கில் இருபது மணி நாற்பத்தைந்து நிமிடம். அதை அவள் அன்றைக்கும் திருப்பவில்லை, திருப்ப வேண்டிய அவசியமும் இல்லை.

வந்த மூன்றாம் நாள் டிராவல்ஸ் பையன் போன் செய்தான். “அண்ணே, பயணம் எல்லாம் நல்லபடியா? நமக்கு அஞ்சு ஸ்டார் போட்டு நாலு வரி எழுதிடுங்கண்ணே.” மூன்று போட்டேன். அரை மணி நேரத்தில் மறுபடியும் அழைத்தான், குரல் இறங்கியிருந்தது. “ரெண்டு ஏன்ணே குறைச்சீங்க?”

“ஒண்ணு வீல்சேருக்கு. இன்னொண்ணு அந்த ஒன்பதரை மணி நேரத்துக்கு.”

“அது டிக்கெட்ல போட்டிருக்குறதுதானேண்ணே” என்றான்.

கடைக்கு வா, டேப்பு தர்றேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.